ஐந்து மில்லிமீட்டர் வித்தியாசம்: ஒரு காரின் ஏர் இன்டேக்கை மாற்றியதில் நடந்தது

பின்னணி

கார் ஐந்து வயதான பெட்ரோல் செடான். 1.5 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ கிடையாது, மேனுவல் கியர். எங்கள் பட்டறைக்கு வந்தபோது 64,000 கி.மீ. ஓடியிருந்தது. உரிமையாளர் முப்பது வயதை ஒட்டியவர். வேலை நிமித்தமாக வாரத்தில் மூன்று நாளாவது மண் சாலையில் போய்வருபவர். இந்த மண் சாலை விவரத்தை முதல் நாள் நான் கேட்கவே இல்லை. அதன் விளைவு பின்னால் வரும்.

வருவதற்கு நான்கு மாதம் முன்பு அவருக்கு இருந்த குறை ஒன்றுதான்: மூன்றாவது கியரில் கார் முன்பு போல இழுக்கவில்லை. வெயில் நேரத்தில், நெரிசலில் நின்று கிளம்பும்போது இன்னும் மந்தம். நண்பர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்ல, கம்பெனி ஏர் பாக்ஸ் (ஏர் ஃபில்டர் உட்காரும் பெட்டி) இன்ஜினின் மூச்சை அடைக்கிறது என்ற முடிவுக்கு அவரே வந்துவிட்டார். அலுமினியக் குழாயும் எண்ணெய் தடவிய பருத்தித் துணிக் கோன் ஃபில்டரும் கொண்ட ஒரு கிட் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தானே மாட்டிக்கொண்டார்.

முதல் இரண்டு வாரம் சந்தோஷம். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் முன்னாலிருந்து உறுமல் கேட்கும். மூன்றாவது வாரம் சிக்னலில் நிற்கும்போது ஆர்பிஎம் முள் 650-க்கும் 900-க்கும் இடையே ஊசலாட ஆரம்பித்தது. அப்புறம் செக் இன்ஜின் லைட். பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் அணையும், இரண்டு நாளில் திரும்ப வரும். மைலேஜ் லிட்டருக்கு 15 கி.மீ. இருந்தது 13-க்கு இறங்கியது. இப்படியே மூன்று மாதத்துக்கு மேல் ஓட்டிய பிறகுதான் எங்களிடம் கொண்டுவந்தார்.

"பவர் ஏறியிருக்குண்ணே, அது நல்லாவே தெரியுது. இந்த லைட்டை மட்டும் அணைச்சுக் கொடுங்க போதும்" என்றார். லைட்டை அணைப்பது ஒரு நிமிட வேலை. எதற்காக எரிகிறது என்று பார்த்துவிட்டுச் செய்யலாம் என்று காரை வாங்கி வைத்துக்கொண்டேன்.

பானெட்டைத் திறந்ததும் கண்ணில் பட்டவை

ஏர் பாக்ஸ் இருந்த இடம் காலி. அங்கே திறந்த கோன் ஃபில்டர், ரேடியேட்டர் ஃபேன் வீசும் திசையிலேயே உட்கார்ந்திருந்தது. தடுப்புத் தகடு எதுவும் இல்லை.

உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சார் கம்பெனி பாகம்தான். அதை ஏர் பாக்ஸ் மூடியிலிருந்து கழற்றி, புதுக் குழாயில் அதற்கென விட்டிருந்த துளையில் திருகியிருந்தார். ஆனால் சென்சார் உட்கார்ந்த இடம் ஒரு வளைவு முடிந்து நான்கு விரல் தூரம்கூட இல்லை. கம்பெனி மூடியில் சென்சாருக்கு முன்னால் தேன்கூடு மாதிரி ஒரு பிளாஸ்டிக் வலை உண்டு. சுழன்று வரும் காற்றை நேராக்கி அனுப்புவது அதன் வேலை. புதுக் குழாயில் அந்த வலை இல்லை.

மூன்றாவது விஷயம் சின்னது, ஆனால் கேடு அதிகம். டேப்பெட் கவரிலிருந்து (இன்ஜினின் மேல் மூடி) இன்டேக் குழாய்க்கு வரும் பிரீதர் ஹோஸ் புதுக் குழாயின் முனையில் பொருந்தவில்லை. அதனால் அந்த முனையை ரப்பர் மூடியால் அடைத்துவிட்டு, டேப்பெட் கவரில் எலுமிச்சை அளவு குட்டி ஃபில்டர் ஒன்றை மாட்டியிருந்தார். அதைச் சுற்றி எண்ணெய் வேர்த்து, தூசி அப்பிக் கிடந்தது.

அளந்ததில் வந்த எண்கள்

ஸ்கேனரில் பதிவான பிழைக் குறியீடு, அதாவது கோடு, பி0171. கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள். இந்தக் கோடு வந்தால் சிலர் நேராக ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றிவிடுவார்கள். இங்கே அது தன் வேலையை ஒழுங்காகச் செய்ததால்தான் கோடே வந்தது.

ஃபியூயல் டிரிம் பார்த்தோம். பெட்ரோல் இன்ஜினில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது எடைக் கணக்கு. வரும் காற்று எவ்வளவு என்று ஏர்ஃப்ளோ சென்சார் சொல்கிறது, அதற்கேற்ப இசியு என்ற இன்ஜின் கணினி பெட்ரோலை விடுகிறது, எரிந்த புகையைப் பார்த்து ஆக்ஸிஜன் சென்சார் கூடக்குறைய இருப்பதைத் திருத்துகிறது. அந்தத் திருத்தம்தான் டிரிம். நல்ல காரில் பூஜ்யத்துக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஐந்து சதவீதத்துக்குள் நிற்கும். இந்தக் காரில் ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, +31. வண்டி நின்றபடியே 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தால் +23. பல இசியுக்கள் 25 சதவீதத்தை ஒட்டிய இடத்தில் பொறுமை இழந்து லைட்டைப் போட்டுவிடும்.

ஐடிலில் ஒரு எண், ஆர்பிஎம் ஏறியதும் அதைவிடச் சின்ன எண், ஆனால் அதுவும் பெரியதுதான். இந்த வடிவத்தில்தான் நோய் இருக்கிறது. சென்சாரைத் தாண்டி எங்கேயாவது திருட்டுக் காற்று நுழைந்தால் அது ஐடிலில்தான் பெரிதாகத் தெரியும். ஐடிலில் இந்த இன்ஜின் இழுப்பதே நொடிக்கு இரண்டு, மூன்று கிராம் காற்று. அதில் கால் கிராம் கணக்கில் வராமல் நுழைந்தாலே பத்து சதவீதப் பிழை. இன்ஜின் நொடிக்குப் பத்து கிராம் இழுக்கும்போது அதே கால் கிராம் இரண்டரை சதவீதம்தான். ஆக, ஆர்பிஎம் ஏற ஏற அந்தப் பிழை கரைய வேண்டும். கரையாமல் எல்லா ஆர்பிஎம்மிலும் ஒட்டிக்கொண்டு வருவது வேறொரு பிழை. அங்கே சென்சாரே தவறாக அளக்கிறது. இந்தக் காரில் இரண்டும் சேர்ந்து இருந்தன.

முதலாவதைச் சோதிக்க, இன்ஜின் ஐடிலில் ஓடும்போதே டேப்பெட் கவர் மேலிருந்த குட்டி ஃபில்டரைக் கையால் பொத்தினேன். உள்ளங்கையை லேசாக இழுப்பது தெரிந்தது. ஸ்கேனரில் +31 படிப்படியாக இறங்கி +24-ல் நின்றது. கையை எடுத்ததும் மறுபடி ஏறியது. பிசிவி என்ற ஒருவழி வால்வு வழியாக இன்ஜின் தன் அடிப்பாகமான கிராங்க் கேஸிலிருந்து காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதற்கு ஈடான காற்று சென்சாரைக் கடந்து பிரீதர் ஹோஸ் வழியாக வர வேண்டும் என்பது கம்பெனி ஏற்பாடு. ஹோஸைப் பிடுங்கிவிட்டதால் அந்தக் காற்று எண்ணப்படாமலே உள்ளே போய்க்கொண்டிருந்தது.

இரண்டாவதற்கு வெர்னியர் காலிப்பர் போதுமானதாக இருந்தது. சென்சார் உட்காரும் இடத்தில் புதுக் குழாயின் உள்விட்டம் 65 மி.மீ. கம்பெனி மூடியை உரிமையாளர் பிறகு கொண்டுவந்தபோது அளந்தோம்: 60 மி.மீ. பார்வைக்கு வித்தியாசமே தெரியாது.

இதில்தான் பலரும் வழுக்குகிறார்கள். இந்த வகை சென்சாருக்குள் சூடேற்றிய மெல்லிய கம்பி ஒன்று இருக்கிறது. ஓடும் காற்று அதைக் குளிர்விக்கிறது, எவ்வளவு குளிர்கிறது என்பதை வைத்துக் கணக்கு. ஆனால் கம்பி பார்ப்பது குழாயின் நடுவே தன்மேல் படுகிற காற்றை மட்டும். மொத்தக் குழாயிலும் எவ்வளவு போகிறது என்பதை, 'இந்தக் குழாய் 60 மி.மீ.' என்று இசியுவுக்குள் எழுதிவைத்திருக்கும் அட்டவணைதான் சொல்கிறது. குழாயை 65 ஆக்கினால் பரப்பு 4,225-க்கு 3,600 என்ற விகிதத்தில், அதாவது 17 சதவீதம் கூடுகிறது. அதே அளவு காற்று அகலமான குழாயில் மெதுவாகப் போகிறது. கம்பி குறைவாகக் குளிர்கிறது. காற்று குறைந்துவிட்டது என்று நினைத்து இசியு பெட்ரோலைக் குறைக்கிறது. அந்த 17 சதவீதத்தைத்தான் டிரிம் நாள் முழுக்க இழுத்துக்கட்டிக்கொண்டிருந்தது.

+23-ல் 17 போக மீதி 6 இருக்கிறதே? அதையும் பிரீதர் தலையிலேயே கட்டிவிட்டேன். அது தவறு என்று இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது.

டைனோவில்

சக்கரங்களை உருளைமேல் ஓடவிட்டு பவரை அளக்கும் ரோலர் டைனோவில் ஏற்றினோம். அன்று கூடத்தின் வெப்பநிலை 33 டிகிரி. நெரிசலில் நிற்பது போல பானெட்டை மூடி பத்து நிமிடம் ஐடிலில் விட்டபோது இன்டேக் காற்றின் வெப்பம் 63 டிகிரிக்கு ஏறியது. அந்தச் சூட்டிலேயே எடுத்த ஓட்டத்தில் சக்கரத்தில் 82 எச்.பி. பானெட்டைத் திறந்து, பெரிய ஃபேனை முன்னால் வைத்து, இன்டேக் காற்று 39 டிகிரிக்கு வந்த பிறகு எடுத்ததில் 87. காற்றின் அடர்த்தி கெல்வின் கணக்கில் வெப்பத்துக்கு எதிர் விகிதம் என்பதால், 39-லிருந்து 63-க்குப் போவதே ஏழு சதவீதக் காற்றைத் தின்றுவிடுகிறது. 87-க்கும் 82-க்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் அதுதான். நல்ல வேகத்தில் ஓடும்போது முன்காற்று வந்து இந்தச் சூடு குறையும். சிக்னலில் நின்று கிளம்பும் முதல் அரை நிமிடத்தில் குறையாது. உரிமையாளருக்கு ஆரம்பத்தில் இருந்த குறையே அந்த அரை நிமிடத்தில்தான்.

முழு ஆக்ஸிலரேட்டரில் புகைக்குழாயில் வைத்த மீட்டர் காற்று-பெட்ரோல் விகிதம் 13.5 என்று காட்டியது. இந்த இன்ஜினுக்கு அங்கே 12.7 பக்கம் இருக்க வேண்டும். முழு சுமையில் காரின் ஆக்ஸிஜன் சென்சார் திருத்தத்தில் கலந்துகொள்வதில்லை. அதுவரை கற்றுவைத்த டிரிம்மை நம்பித்தான் இசியு பெட்ரோல் விடுகிறது. ஐடிலில் தேவைப்பட்ட திருத்தத்தில் ஒரு பகுதி எல்லையில் முட்டி நின்றுவிட்டது, உயர் ஆர்பிஎம்மில் வளைவின் சுழல் காற்று சென்சாரை இன்னும் குழப்பியது. நல்லவேளையாக கலவை தாறுமாறாக வெடிக்கும் சத்தத்தை நாக் சென்சார் கேட்டுச் சொல்ல, இசியு தீப்பொறியின் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அப்படி இழுக்கும்போது போவதும் பவர்தான்.

தூசி

குழாயைக் கழற்றியபோது ஒரு வேலை செய்தேன். வெள்ளைத் துணியை விரலில் சுற்றி, ஃபில்டருக்குப் பிந்தைய பக்கம் குழாயின் உள்சுவரில் ஒரு முறை இழுத்தேன். வடிகட்டிய காற்று மட்டும் போகிற இடம் அது. துணியில் சாம்பல் நிறக் கோடு ஒன்று விழுந்தது. விரல்களுக்கு நடுவே தேய்த்தால் நறநறவென்றது. எண்ணெய்ப் பசையோடு கலந்த மணல் தூசி.

அப்போதுதான் கேட்டேன், "தம்பி, வண்டி எந்த ரோட்டுல ஓடுது?" மண் சாலைக் கதை அப்போது வந்தது.

எண்ணெய்த் துணி ஃபில்டர் எல்லாமே மோசம் என்று சொல்லமாட்டேன். தரமானவை ஐஎஸ்ஓ 5011 முறைப்படி சோதிக்கப்பட்ட விவரத்தோடு வருகின்றன. இந்தக் கிட்டில் அப்படி எதுவும் இல்லை. தவிர, ஃபில்டரின் ரப்பர் கழுத்து குழாயில் ஒரு பக்கம் சரியாக ஏறாமல் கிளாம்ப் சாய்ந்திருந்தது. தூசி துணி வழியாக வந்ததா, கழுத்து வழியாக வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிஸ்டன் ரிங்குக்கு இரண்டும் ஒன்றுதான்.

பழைய பெட்டி வந்த நாள்

உரிமையாளர் நல்ல காலமாகக் கம்பெனி பாகங்களைத் தூக்கிப் போடவில்லை. பரணிலிருந்து ஒரு சாக்கில் கட்டிக் கொண்டுவந்தார். அவிழ்த்ததும் கதை திரும்பிவிட்டது.

ஏர் பாக்ஸுக்குக் காற்றைக் கொண்டுவரும் மூக்குக் குழாய் கிரில்லுக்குப் பின்னால் போய் இரண்டு கொக்கியில் மாட்ட வேண்டும். இதில் ஒரு கொக்கி உடைந்திருந்தது. உடைந்த முகம் பழையது, அழுக்கு ஏறியது. "கிட் மாட்டும்போது உடைச்சீங்களா?" என்றேன். இல்லை என்றார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அதற்கு இரண்டு மாதம் முன்பு முன்பம்பர் அடிபட்டு வேறோர் இடத்தில் சரிசெய்ததைச் சொன்னார். மூக்குக் குழாயைப் பழையபடி வைத்துப் பார்த்தோம். ஒரே கொக்கியில் தொங்கிய அது கிரில்லை விட்டு விலகி, ரேடியேட்டருக்குப் பின்னால் சாய்ந்து நின்றது. குழாயின் பக்கவாட்டில் ஃபேன் மூடி உரசிய தடம்கூட இருந்தது.

பெட்டிக்குள் இருந்த பேப்பர் ஃபில்டரின் மடிப்புகளில் மண் உறைந்து மடிப்பே தெரியாமல் இருந்தது. ஒரு மூலையில் காய்ந்த இலைகள், தும்பியின் சிறகு ஒன்று. கடைசியாக எப்போது மாற்றியது என்று அவருக்கு நினைவில்லை.

ஆக, மூன்றாவது கியரில் இழுக்காமல் போனதற்குக் கம்பெனி வடிவமைப்பு காரணமில்லை. விலகிய மூக்குக் குழாய் சூட்டுக் காற்றை இழுத்தது, ஃபில்டர் அடைத்துக் கிடந்தது. இந்த இரண்டையும் பார்க்காமல் மொத்தத்தையும் கழற்றிவிட்டு, அதைவிடச் சூடான இடத்தில் திறந்த ஃபில்டரை வைத்தாயிற்று.

எவ்வளவு அடைப்பு என்று எண்ணாகப் பார்க்க ஆசை வந்தது. கண்ணாடிபோலத் தெரியும் ஹோஸை யு வடிவில் பலகையில் கட்டி, தண்ணீரில் ஒரு சொட்டு மை கலந்து ஊற்றினோம். அதன் ஒரு முனையை இன்டேக்கில் இடம் மாற்றி மாற்றிச் செருகி, டைனோவில் 6,000 ஆர்பிஎம் முழு சுமையில் படித்தோம். மூக்குக் குழாயைச் சரியான இடத்தில் கம்பியால் கட்டிவைத்துத்தான் இந்த அளவு. மூக்குக் குழாயில் அழுத்த இழப்பு 130 மி.மீ. நீர்மட்டம். பழைய ஃபில்டரில் 115. ஃபில்டரிலிருந்து, ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் திறக்கும் காற்று வாயிலான த்ராட்டில் பாடி வரை 65. மொத்தம் 310. புது பேப்பர் ஃபில்டர் போட்டதும் அந்த 115 மட்டும் 45 ஆனது, மொத்தம் 240.

வளிமண்டல அழுத்தம் நீர்மட்டக் கணக்கில் ஏறத்தாழ 10,300 மி.மீ. அதில் 240 என்பது 2.3 சதவீதம். இன்டேக்கை முழுசாகப் பிடுங்கிப்போட்டு, த்ராட்டிலுக்கு நேராகக் குளிர்ந்த, சுத்தமான காற்றைக் கொடுத்தால்கூட இந்த இன்ஜினில் எடுக்க முடிந்தது சுமார் இரண்டு எச்.பி. என்று அர்த்தம். வேறு கார்களில், குறிப்பாக டர்போ ஏற்றி பூஸ்ட்டைக் கூட்டியவற்றில், இந்தக் கணக்கு வேறு மாதிரி வரும். அங்கே கம்பெனி பெட்டி உண்மையிலேயே குறுக்கே நிற்கலாம். இந்தக் காரில் நிற்கவில்லை.

எடுத்த முடிவும் காரணமும்

உரிமையாளர் முன்னால் மூன்று வழிகளை வைத்தோம்.

கிட்டை வைத்துக்கொண்டு, 65 மி.மீ. குழாய்க்கு ஏற்ப இசியுவில் ஏர்ஃப்ளோ அட்டவணையை மாற்றி எழுதுவது ஒன்று. செய்யலாம், பிரீதரையும் சரிசெய்தால் லைட் வராது. ஆனால் சூடும் தூசியும் அப்படியே இருக்கும். வளைவை ஒட்டிய சுழல் காற்றை எந்த அட்டவணையும் சரிசெய்யாது.

இன்னொன்றை அவரே கேட்டார்: குழாயை நீட்டி, ஃபில்டரைப் பம்பருக்குப் பின்னால் கீழே இறக்கினால் குளிர்ந்த காற்று வருமே? வரும். மழையில் தேங்கிய தண்ணீரும் வரும். இந்த இன்ஜினில் ஒரு சிலிண்டர் 375 சி.சி., கம்ப்ரஷன் விகிதம் 10.5. பிஸ்டன் உச்சிக்குப் போகும்போது மேலே மிஞ்சும் இடம் 40 சி.சி. மட்டுமே. மூன்று மேசைக்கரண்டித் தண்ணீர் போனால் போதும். தண்ணீர் சுருங்காது, அதனால் கனெக்டிங் ராட் வளையும். தாழ்வான சாலைகளில் போகிறவருக்கு இதை மாட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதைச் சொன்னதும் அவரும் விட்டுவிட்டார்.

மூன்றாவது, கம்பெனி பெட்டிக்கே திரும்புவது. சென்சார் தன் பழைய 60 மி.மீ. வீட்டுக்குப் போகும். புது பேப்பர் ஃபில்டர், பிரீதர் ஹோஸ், சரியாகப் பொருத்திய மூக்குக் குழாய். மாற்றம் ஏதாவது வேண்டுமென்றால் ஃபில்டருக்கு முந்தைய பக்கத்தில் மட்டும் செய்வது. அங்கே எதைச் செய்தாலும் சென்சாரின் கணக்கு கெடாது. இதைத்தான் எடுத்தோம்.

அவருக்கு முழு சம்மதம் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. டைனோவில் மூன்றாவது கியரில் 2,000-லிருந்து 5,000 ஆர்பிஎம் வரை ஏற ஆகும் நேரத்தை அவரையே எடுக்கச் சொன்னோம். கிட்டோடு எடுத்த நேரம் முன்பே பதிவில் இருந்தது. கம்பெனி பெட்டியும் புது ஃபில்டருமாக எடுத்ததில் அரை நொடி சீக்கிரம் ஏறியது. "இது மெதுவா போற மாதிரிதானே இருந்துச்சு?" என்று மறுபடி ஓட்டிப் பார்த்தார். அதே நேரம்தான் வந்தது. உறுமல் இல்லாததால் வேகம் இல்லாத மாதிரி இருந்திருக்கிறது. இது அவருக்கு மட்டும் நடப்பதில்லை. முப்பது வருடமாக இன்ஜினோடு இருக்கும் எனக்கும் சத்தமான வண்டி வேகமான வண்டியாகத்தான் தோன்றும். அதனால்தான் கடிகாரத்தை நம்புகிறேன்.

செய்த வேலையும் சறுக்கல்களும்

எல்லாவற்றையும் பொருத்தி, டிரிம் நினைவை அழித்து, அரை மணி நேரம் ஓட்டினோம். ஐடிலில் +6, 2,500-ல் +5. மோசமில்லை, ஆனால் புது ஃபில்டரும் ஒழுங்கான பிரீதரும் உள்ள காரில் இது அதிகம். முன்பு பிரீதர் தலையில் கட்டிய அதே 6 இது.

ஏர்ஃப்ளோ சென்சாரைக் கழற்றி டார்ச் வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தோம். கம்பியில் தேன் நிறத்தில் மெல்லிய படலம், அதில் பருத்தி இழை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. கோன் ஃபில்டரை ஒரு முறை கழுவி, தாராளமாக எண்ணெய் தடவி மாட்டியதாக அவர் அப்போதுதான் ஞாபகப்படுத்திச் சொன்னார். படலம் படிந்த கம்பி குறைவாகக் குளிரும், குறைவாக அளக்கும். 17 சதவீதப் பிழையோடு இந்த ஐந்தையும் பெருக்கினால் (1.17 × 1.05) 23 துல்லியமாக வந்துவிடுகிறது. முதல் நாளே கணக்கை முடித்துப் பார்த்திருந்தால் சென்சாரை அன்றே கழற்றியிருப்பேன். சென்சாருக்கென்று உள்ள ஸ்பிரேயைத் தூர நின்று அடித்து, எதுவும் தொடாமல் காயவைத்தோம். பஞ்சோ துணியோ பட்டால் அந்தக் கம்பி போய்விடும். அதன் பிறகு +1, +2.

அடுத்த சறுக்கல் என்னுடையது. மூக்குக் குழாயின் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் குடுவை தொங்கும், அதற்குப் பெயர் ரெசொனேட்டர். உள்ளே எதுவும் இருக்காது, வெறும் காற்று. 'அதைக் கழற்றி ஓட்டையை அடைத்தால் காற்று சீராகப் போகும்' என்று எங்கள் பட்டறைப் பையன் சொல்ல, உரிமையாளருக்குக் கொஞ்சம் சத்தமாவது கிடைக்கட்டும் என்று நானும் சரி என்றேன். நீர்மட்டம் ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை. மாறாக, 2,800-லிருந்து 3,200 ஆர்பிஎம்முக்குள் காருக்குள்ளே காதை அடைக்கும் ஊதல். அவர் தினமும் ஓட்டுவதே அந்த ஆர்பிஎம்மில். பாட்டில் வாயில் ஊதினால் ஒரு ஸ்வரம் எழுகிறதே, அந்தத் தத்துவத்தில் குறிப்பிட்ட ஒரு சத்தத்தைத் தின்பதற்காக வைத்த குடுவை அது. மறுநாளே திரும்ப மாட்டினோம்.

மூக்குக் குழாயின் வாய் மட்டும் தட்டையாக, குறுகலாக இருந்தது. அதற்குப் பதில் கொம்பு போல விரிந்த வாய் ஒன்றைச் செய்து, கிரில்லின் பின்னால், பழைய உயரத்திலேயே பொருத்தினோம். 130 இருந்த இழப்பு 85 ஆனது. மொத்தம் 195.

விளைவு

டைனோவில், பானெட் மூடி, ஃபேன் வைத்து எடுத்த கடைசி எண்கள்: கம்பெனி பெட்டி, புது ஃபில்டர், சரியான மூக்குக் குழாய் என்றபோது 91 எச்.பி. விரிந்த வாயோடு 92. ஒரே காரை அடுத்தடுத்து ஓட்டினாலே எங்கள் டைனோ ஒரு எச்.பி. கூடக்குறையக் காட்டும். ஆகவே அந்த ஒன்றை லாபம் என்று எழுத முடியாது. பத்து நிமிடம் ஐடிலில் விட்ட பிறகு எடுத்ததில் 88. கிட் இருந்தபோது இதே நிலையில் 82. இந்த ஆறுதான் சிக்னலில் கிளம்பும்போது அவர் காலுக்குத் தெரிவது. இன்டேக் காற்று அந்தப் பத்து நிமிடத்தில் 63-க்குப் பதில் 47 டிகிரியில் நின்றது. முழு சுமையில் கலவை 12.7.

மூன்று மாதமும் 5,000 கி.மீ.யும் கழித்து வந்தார். லைட் வரவில்லை. டிரிம் மூன்று சதவீதத்துக்குள். மைலேஜ் பழையபடி 15 என்றார். இதை முழுக்க எங்கள் கணக்கில் எழுதிக்கொள்ள மாட்டேன். கிட் இருந்தபோதும் டிரிம் கலவையைப் பெரும்பாலும் சரியாகவே வைத்திருந்தது. உறுமலைக் கேட்பதற்காகவே காலை அழுத்தியதில் எவ்வளவு போனது என்று கேட்டதற்கு அவர் சிரித்தார், பதில் சொல்லவில்லை.

அடுத்த முறை மாற்றிக்கொள்பவை

கார் எந்தச் சாலையில் ஓடுகிறது, சமீபத்தில் முன்பக்கம் யாராவது கைவைத்தார்களா, ஃபில்டரை எப்போது கழுவினீர்கள் என்ற மூன்று கேள்விகளை இப்போது வேலை அட்டையிலேயே அச்சடித்துவிட்டோம். கழற்றிய பழைய பாகங்களை முதல் நாளே கொண்டுவரச் சொல்கிறோம். யு குழாய்ப் பலகையை முதலிலேயே எடுப்போம். அதைப் படிக்க இருபது நிமிடம் போதும், அது தரும் எண்ணுக்குப் பிறகு கிட்டைப் பற்றிய பேச்சே பெரும்பாலும் நின்றுவிடுகிறது.

விரிந்த வாய் செய்வதற்கு அரை நாள் போனது. மறுபடி யாராவது கேட்டால் இந்த அளவு இன்ஜினுக்கு அதைச் செய்யமாட்டேன். உடைந்த கொக்கியை ஒட்டி, புது ஃபில்டர் போட்டு அனுப்பிவிடுவேன்.

பிரீதருக்குக் குட்டி ஃபில்டர் மாட்டிய கார் எது வந்தாலும் முதலில் அதைக் கையால் பொத்திப் பார்த்துவிட்டுத்தான் ஸ்கேனரைச் செருகுகிறான் எங்கள் பையன். வரிசை தலைகீழ், ஸ்கேனர் ஓடினால்தான் டிரிம் இறங்குவது தெரியும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மூன்று மாதப் பரிசோதனையின்போது ஹோஸைக் கழற்றி வெள்ளைத் துணியை மறுபடி இழுத்துப் பார்த்தோம். துணி வெள்ளையாகவே வந்தது. மூக்குக் குழாயின் ஒட்டுப்போட்ட கொக்கியில் மட்டும் மயிரிழை விரிசல் தெரிந்தது. புதுக் குழாய்க்குச் சொல்லியிருக்கிறோம், வரும்வரை கேபிள் டை போட்டுக் கட்டி அனுப்பியிருக்கிறோம்.